நாற்பது ஐஸ்பெட்டிகள்

அன்று காலை றொபின்சன் குறைபட்டது சம்பலைப் பற்றித்தான். "மாசி எங்கயப்பா?" என்று கேட்டான். மாசிக்கருவாடு முடிந்துவிட்டது என்றாள் மனைவி அல்பொன்சா. இரண்டு துண்டு பாணை வெறும் சம்பலோடு விழுங்கிவிட்டு இறால் கொம்பனிக்குப் போனான். அங்கே அவன் கொள்வனவு முகாமையாளர். மாம்புரியில் கழுத்துப்பட்டி கட்டி வேலைக்குப் போன முதல் ஆள்.

பத்து மணிக்குக் கொம்பனியின் வான் வண்டியில் திரும்பி வந்தான். கூடவே புத்தளத்திலிருந்து வந்த கணக்காய்வாளர் ஜவாஹிர், கையில் ஒரு கோப்போடு.

விஷயம் இதுதான். கொம்பனிக்கு ஐஸ்பெட்டி விற்கும் கொழும்பு வியாபாரி, ஓடர் கிடைக்கும் ஒவ்வொரு முறையும் நாற்பது பெட்டியை இலவசமாக லொறியில் ஏற்றிவந்து றொபின்சன் வீட்டில் இறக்குவார். விலையும் ஓடருக்கு ஓடர் ஏறியிருந்தது. றொபின்சன் ஒரு பெட்டியையும் விற்கவில்லை, எல்லாவற்றையும் ஊருக்குக் கொடுத்தான். நீலப் பெட்டி இல்லாத வீடு மாம்புரியில் கிடையாது.

வானைக் கண்டதும் ஊர் சுறுசுறுப்பானது. பாக்கியம்மா பெட்டியைக் கவிழ்த்துக் கோழியை உள்ளே அடைத்தாள். மெரினா தன் பிள்ளையைப் பெட்டிக்குள் இருத்தித் தண்ணீர் வார்த்தாள். கோயிலில் இருந்த பெட்டிக்கு யாரோ வெள்ளைத்துணி விரித்து மேலே பூச்சாடி வைத்துவிட்டார்கள்.

"இது லஞ்சமில்லை சேர்," என்றான் றொபின்சன். "கறிமீன்."

கரைவலைக் கயிற்றில் கை வைத்தவன் வழிப்போக்கனானாலும், கறிக்கு மீன் பங்கு பெறாமல் போகக்கூடாது என்பது கடற்கரைச் சட்டம். வலைக்காரன் மகனான றொபின்சன் அந்தச் சட்டத்தை அப்படியே கொம்பனிக்குள் கொண்டுபோயிருந்தான். ஓடர் அவன் இழுத்த கயிறு, பெட்டி அவன் பங்கு. இதை அவன் மனமார நம்பினான் என்பதுதான் கஷ்டம்.

அல்பொன்சாவுக்கு வேறு கவலை. றொபின்சன் இரண்டு தரம் நெஞ்சுவலி வந்த மனிதன். இனிக் கயிறு பிடிக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். கதிரையில் இருந்து செய்ய இந்த வேலையை விட்டால் அவனுக்கு வேறொன்றும் இல்லை.

"கடக்கரையிலயும் பெட்டி கிடக்கு சேர், வாங்கோ காட்டுறன்," என்று ஜவாஹிரைக் கூட்டிப்போனாள். அங்கே றொபின்சனின் அண்ணன் அன்ரனிப்பிள்ளையின் வலை கரையேறிக்கொண்டிருந்தது.

"சும்மா நிண்டு பாக்கிறது இஞ்ச முறையில்லை சேர். ஒரு கை குடுங்கோ."

ஜவாஹிர் கோப்பை அவளிடம் நீட்டினார், சப்பாத்தைக் கழற்றினார், காற்சட்டையை மடித்தார். கயிற்றை நன்றாகத்தான் இழுத்தார். வலை ஏறியதும் அன்ரனிப்பிள்ளை நாலு பாரை மீனை ஓலையில் கோத்து அவர் கையில் கொடுத்தார். ஜவாஹிர் வாங்கிக்கொண்டார்.

அல்பொன்சா அதற்காகத்தான் காத்திருந்தாள். "இப்ப நீங்களும் வாங்கிட்டீங்க. இதையும் எழுதுங்கோ பாப்பம்!"

கரை முழுக்கச் சிரித்தது. ஜவாஹிரும் சிரித்தார்.

"நானும் கடக்கரையில வளந்தவன்தான் அக்கா. கறிமீன் கையில தூக்கிட்டுப் போற சாமான். லொறியில வராது. மற்றது, இந்த மீனைத் தந்தது வலைக்காரர். உங்கட புருசனுக்குப் பெட்டி குடுத்தது ஆரு? வலைக்காரரா?"

எல்லோரும் அன்ரனிப்பிள்ளையைப் பார்த்தார்கள். மனிதர் பின்னால் வந்து நின்ற றொபின்சன் பக்கம் திரும்பினார்.

"அது ஞாயம்தானேடா தம்பி," என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காக அல்பொன்சா அவரோடு ஒரு மாதம் கதைக்கவில்லை.

வேலைநீக்கக் கடிதம் பின்னேரமே வந்தது. பெட்டிகளைக் கொம்பனி திருப்பி எடுக்கவில்லை. ஊர் நாற்றம் போகாதாம். ஜவாஹிர் மீனைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

றொபின்சன் இரண்டு வருஷம் அண்ணனின் கயிற்றைப் பிடித்தான். வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற ஆளா? மூன்றாம் வருஷம் நெஞ்சு அவனைக் கைவிட்டது.

அவனுடைய கைத்தொலைபேசி இப்போது அல்பொன்சாவிடம். கிழமைக்கு ஒரு தரமாவது யாராவது வியாபாரி கோல் எடுப்பான்.

"கொள்வனவு முகாமையாளர் சேர் இருக்கிறாரா?"

"வெளிய போயிருக்கிறார்," என்பாள். "என்ன விலை சொல்றீங்க?"

விலையைக் கேட்டதும், "விலை கூடிப்போச்சு," என்று சொல்லி வைத்துவிடுவாள்.

கொம்பனி வாசல் பலகையில் அந்த எண்தான் இன்னும் இருக்கிறது.