நூற்றுக்கு ஆறு

என் வீட்டுக்காரர் மாதையனுக்கு 'முடியாது' என்று சொல்ல வராது. இந்த மலையில் எத்தனையோ பேரைச் சாராயம் கெடுத்திருக்கிறது. இவரைக் கெடுத்தது நல்ல குணம். சாராயமாவது மறுநாள் காலையில் தெளியும்.

மூன்று ஊர்ப் பாதைகள் சேரும் வளைவில் எங்கள் டீக்கடை இருக்கிறது. டவர் கிடைப்பது அந்த வளைவில் மட்டும்தான். கொஞ்சம் தள்ளிப் போனால் போன் வெறும் டார்ச் லைட். அதனால் சாமை, புளி, பலா, தேன், ஆடு என்று வாங்கக் கீழிருந்து வரும் வியாபாரிகள் வண்டியை எங்கள் கடை வாசலில்தான் நிறுத்துவார்கள். முன்பு அவர்கள் ரொக்கம் கொண்டு வந்தார்கள். இப்போது போனை நீட்டுகிறார்கள். எங்கள் ஜனங்களிடம் இருப்பதோ பட்டன் போன். பேங்க் கணக்கு வைத்திருப்பவர்களும் அதில் வியாபாரிப் பணம் விழுந்தால் சர்க்கார் பணம் நின்றுவிடும் என்று பயப்படுகிறார்கள். "மாதையன் போன்ல போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு எங்கள் பக்கம் கையை நீட்டுவார்கள்.

டீக் காசு வாங்கக் கடையில் ஒட்டி வைத்த ஸ்கேன் அட்டை அது. அதில்தான் மூன்று ஊர் விளைச்சலும் வந்து விழுந்தது. விழுந்த பணத்தை இவர் ரொக்கமாக எண்ணிக் கொடுப்பார். கல்லாவில் இல்லையென்றால் போளூருக்குப் பஸ் ஏறிப் போய் எடுத்து வந்து கொடுப்பார். பஸ் சார்ஜ் இவர் கைக்காசு.

"ஆயிரத்துக்கு அஞ்சு ரூபா எடுத்துக்கினா இன்னா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நம்ம ஜனத்துக்கிட்டயா?" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

போன வருஷம் ஆடி மாதம் வருமான வரி ஆபீசிலிருந்து போனுக்கு ஒரு செய்தி வந்தது. எங்கள் மகள் நிவேதாதான் படித்துச் சொன்னாள். அவள் கீழே தனியார் கல்லூரியில் நர்சிங் முதல் வருஷம் முடித்து லீவுக்கு வந்திருந்தாள். எங்கள் மூன்று ஊரிலும் நர்ஸ் படிப்புக்குப் போன முதல் பெண் அவள். மலைவாழ் பிள்ளைகளுக்குச் சர்க்கார் தரும் உதவித்தொகையில்தான் அந்தப் படிப்பு ஓடியது. அது இல்லையென்றால் எங்கள் கடையை விற்றாலும் அந்த ஃபீஸுக்குக் காணாது.

"அப்பா, உன் கணக்குல நெறைய பணம் வந்திருக்குதாம், கணக்குக் காட்டலியாம்" என்றாள். இவர் முகம் வெளுத்துவிட்டது.

மறுநாள் நானும் இவரும் போளூர் போனோம். பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் ரஞ்சித்குமார் என்ற பையன் வரிக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறான். நல்ல பையன்தான், அவனை நான் குறை சொல்ல மாட்டேன். கம்ப்யூட்டரைப் பார்த்தான், விசில் அடித்தான்.

"அண்ணே, வருஷத்துல நாப்பத்தாறு லட்சம் வந்திருக்குது. டீ விக்கறீங்களா, தங்கம் விக்கறீங்களா?"

"அது எங்க பணம் இல்ல சார். ஊர்ப் பணம்."

"சரி, பயப்படாதீங்க. சின்ன வியாபாரிங்களுக்குன்னு சுலபமா ஒரு திட்டம் இருக்குது. நோட்டு வாணாம், பில்லு வாணாம். பேங்க்ல வந்த பணத்துல நூத்துக்கு ஆறு ரூபா லாபம்னு நாமளே ஒத்துக்கினா போதும். ரெண்டு லட்சத்து எழுபத்தாறாயிரம் வருது. அதுக்கு வரி ஒரு பைசா கெடையாது."

"ஒரு பைசா கூடவா?"

"ஒரு பைசா கூட."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கல்யாணத்தன்று கூட இவர் அப்படிச் சிரித்ததில்லை. நானும் சிரித்தேன். சர்க்காரிடம் போய்ப் பைசா கொடுக்காமல் திரும்புகிறோம் என்பதைத் தவிர எங்களுக்கு வேறொன்றும் தோன்றவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கொரு பரோட்டா செட் வாங்கிச் சாப்பிட்டோம். அந்தப் பரோட்டா இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

இரண்டாம் வருஷத்துக்கு உதவித்தொகையைப் புதுப்பிக்க வருமானச் சான்று கேட்டார்கள். வருஷா வருஷம் கேட்பதுதான். எழுபதாயிரம் என்று எழுதிக் கொடுப்பார்கள். இந்த முறை தாலுகா ஆபீசில் இருந்த அம்மா, "நீங்க வரி ரிட்டர்ன் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள். இவருக்குப் பொய்யும் வராது. ரஞ்சித்குமார் போட்டுக் கொடுத்த தாளைப் பெருமையாக எடுத்து நீட்டினார்.

"இதுல ரெண்டே முக்கால் லட்சம் போட்டிருக்குது. ரெண்டரைக்கு மேல போனா உதவித்தொகை கெடையாது, தெரியுமில்ல?" என்றாள்.

வரி கேட்காத சர்க்கார் படிப்பைக் கேட்டது. இருபத்தாறாயிரம் ரூபாய் அதிகமாம். எங்கள் வீட்டுக்கு வராத ரூபாய், எங்கள் சட்டியில் வேகாத ரூபாய்.

திரும்பவும் ரஞ்சித்குமாரிடம் ஓடினோம். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "பொண்ணு படிக்குதுன்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாண்ணே?" என்றான். கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். டீக்கடைக் கணக்குக்கும் மகள் படிப்புக்கும் முடிச்சு இருக்கும் என்று யார் கண்டது?

"டிசம்பர் முடியறதுக்குள்ள திருத்திப் போடலாம். டீக்கடை வருமானத்த மட்டும் காட்டலாம். ஆனா மீதிப் பணம் யாருதுன்னு கேப்பாங்க. இது எங்க பணம், மாதையன் கமிஷன் வாங்கலன்னு அத்தினி பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஆதார் நம்பரோட குடுக்கணும். கமிஷன் வாங்கியிருந்தீங்கன்னா அதுக்கு இந்தச் சுலபத் திட்டமே கெடையாது."

"நான் வாங்கலியே."

"அதத்தாண்ணே அவங்க எழுதணும்."

இவருக்குக் கவலை போய்விட்டது. "நம்ம ஜனம் போடமாட்டாங்களா?" என்றார். பஸ்ஸில் தூங்கிக்கூடப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காளியம்மன் கோயில் முன்னால் மூன்று ஊரும் கூடியது. எங்களுக்குள் வழக்கு என்று வந்தால் கற்பூரம் ஏற்றி அதன்மேல் கை அடித்துச் சொல்லவேண்டும். சொன்னால் முடிந்தது. அம்மன் முன்னால் பொய் சொன்ன குடும்பம் விளங்காது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இவர் விஷயத்தைச் சொன்னதும் நாட்டாமை முனியன்தான் முதலில் எழுந்தார். "அது எங்க பணம். மாதையன் ஒத்த ரூபா தொட்டதில்ல. எந்தக் கோர்ட்டுலயும் சொல்றேன்" என்று கற்பூரத்தில் கை அடித்தார். பிறகு ஒவ்வொருவராக வந்து அடித்தார்கள். பெண்களும் அடித்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எல்லாரையும் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்போது இவர் பையிலிருந்து தாள்களை எடுத்தார்.

முனியன் தாளைத் தொடாமலே குனிந்து பார்த்தார். "சத்தியம்தான் பண்ணிட்டமே மாமா. அத்தப் போய்ச் சொல்லு அவங்கிட்ட" என்றார்.

"தாளுதான் ஓணுமாம் மச்சான்."

"எங்க பேரு எதுக்கு அங்க போவணும்? அப்புறம் பொம்பளைங்களுக்கு வர்ற ஆயிரம் ரூபா நின்னுபூடும். ரேசன் அரிசி நின்னுபூடும்."

"அப்படி ஒண்ணும் நிக்காது."

"ஒனக்கும் ஒண்ணும் நிக்காதுன்னுதான சொன்னான் அந்தப் பையன்?"

நான் தாளைப் பிடுங்கிக்கொண்டு காந்தாவிடம் போனேன். தேன் பணத்தில் பாதி அவளுடையது. அவளுக்காக இவர் மழையில் நனைந்து போளூர் போய் வந்த நாள் எனக்குத் தெரியும். "நீ வை காந்தா. நீ வெச்சா மத்தவங்க வெப்பாங்க" என்றேன்.

அவள் இரண்டு கையையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"எக்கா, எம் புருசன் செம்மரம் வெட்டல. ஆந்திராவுக்குக் கூலிக்குத்தான் போனான். எய்தாத தாள்ல ரேகை வை, வூட்டுக்கு அனுப்பறோம்னு போலீசு சொன்னாங்க. வெச்சான். நாலு வருசம் உள்ள கெடந்தான். எங்கிட்ட ஆடு கேளு, குடுக்கறேன். ரேகை மட்டும் கேக்காத."

எனக்கு அவளை அறையவேண்டும் போல இருந்தது. அவள் சொன்னது பொய்யில்லை என்பதால் ஆத்திரம் இன்னும் ஏறியது. "எம் பொண்ணு படிப்பு போவுதுடி!" என்று கத்தினேன். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். சிலர் அழுதார்கள். தாளைத் தொட ஒருவரும் வரவில்லை.

"உடு திரௌபதி. வாணாம்" என்று இவர் தாள்களை மடித்தார். முடியாது என்று அன்றைக்கும் இவர் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குத்தான் சொன்னார்.

டிசம்பர் போய்விட்டது. ஊரில் ஆளாளுக்கு ஆடு, சாமை, ரொக்கம் என்று கொண்டு வந்து வீட்டில் வைத்தார்கள். எல்லாம் சேர்ந்தும் ஃபீஸில் கால் பங்கு வரவில்லை. பொங்கலுக்கு வந்த நிவேதா திரும்பிப் போகவில்லை. அழவும் இல்லை. வெள்ளை யூனிபாரத்தைத் துவைத்து மடித்து வைத்தாள், டீ கிளாஸ் கழுவினாள். "ஊருக்குன்னு ஒரு நர்ஸ் வந்துட்ச்சி" என்று முனியன் மனதாரச் சந்தோஷப்பட்டார். சுடுதண்ணீரை அவர் மேல் ஊற்றாமல் இருந்தது என் பொறுமை.

மாசியில் ஒரு சாயங்காலம், கடைசி பஸ் போன பிறகு, காந்தா தன் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். குழந்தைக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது, கண் மேலே செருகியிருந்தது.

"பாப்பா, ஒரு ஊசி போடுடீ" என்று நிவேதாவின் காலைப் பிடித்தாள்.

காந்தாவுக்கும் என் வலி ஒரு நாள் தெரியவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது உண்டு. தெரிந்த அன்று நான்தான் ஓடிப் போய்ப் பாய் விரித்தேன். குழந்தை என்ன செய்தது?

நிவேதா குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். ஈரத் துணியால் துடைத்தாள், நாடி பிடித்துப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். "அத்தை, ஊசி மருந்தெல்லாம் ரெண்டாம் வருசம் பாதிக்கு அப்புறம்தான் சொல்லிக் குடுப்பாங்க. எனக்குத் தெரியாது" என்றாள்.

கடை வாசலில் நின்ற ஒரு பைக்கை இவர் இரவல் வாங்கினார். நிவேதா பின்னால் ஏறிக் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டாள். வளைவில் வெளிச்சம் மறையும் வரை காந்தாவும் நானும் நின்றோம்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. நிவேதா வழியெல்லாம் அதைச் சாய்த்தே பிடித்துக்கொண்டு போனதால்தான் மூச்சு அடைக்காமல் இருந்ததாம். "யார் இப்படிப் பிடிக்கச் சொன்னது, நீ நர்ஸா?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்களாம்.

"இல்லீங்க. டீக்கடைக்காரர் பொண்ணு" என்று சொன்னாளாம்.

மறுநாள் காலையில் இதைச் சொல்லும்போதுதான் என் வீட்டுக்காரர் முதல் தடவையாக அழுதார்.