கோட்டுக்கு அந்தப் பக்கத்து ஸ்பிரிங்

என் அக்காவின் வீட்டுக்காரரோடு நான் பேசி மூன்று வருடம் ஆகிறது. இத்தனைக்கும் இரண்டு பேருக்கும் ஒரே பட்டறை. நடுவில் தரையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு. வாசல் பக்கம் அவர், சுவர்ப் பக்கம் நான். பட்டறை அக்கா பேரில். அவள் முன்னறையில் ஃபோன் எடுப்பாள், ரசீது போடுவாள், எங்கள் இரண்டு பேருக்கும் வாயாகவும் இருப்பாள். ஒருநாள் கஸ்டமரை வைத்துக்கொண்டே, "இவன் செய்யறது கை வேலை இல்ல சார், கால் வேலை" என்று சிரித்தார் அந்த மனுஷன். அன்றோடு சரி. சூடு சுரணை உள்ளவன் எவன் பேசுவான்?

இந்தச் சண்டையில் இரண்டு இன்ஜின்கள் நாசமாய்ப் போயின. மூன்றாவதாக ஒரு டீச்சருடைய காரின் இன்ஜின் வந்தது. டீச்சர் வாரம் முழுக்கக் கணக்குப் பாடம் எடுப்பார், ஞாயிறு வந்தால் மலைப்பாதையில் பந்தயம் ஓட்டுவார். அக்கா கோட்டின் மேலேயே வந்து நின்றாள்.

"இந்த இன்ஜின் யாரால கெட்டாலும் அவங்க மறுநாள் இங்க இருக்கக் கூடாது. புருஷனா இருந்தாலும் சரி, தம்பியா இருந்தாலும் சரி."

எனக்கு இந்தப் பட்டறையை விட்டால் போக்கிடம் கிடையாது. பதினெட்டு வயதில் வந்தவன். படுக்கை கூட மாடி அறையில்தான்.

வேகம் கூட்டுவதற்காக, வால்வுகளைத் திறக்க வைக்கிற கேம் ஷாஃப்டை மாற்றி, இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டை இழைத்துத் தாழ்த்தியிருந்தோம். அப்படிச் செய்தால் பழைய புஷ்ராடு பொருந்தாது. கீழே கேம் கொடுக்கும் உதையை மேலே கொண்டுபோகிற கம்பிதான் புஷ்ராடு. மேலே ராக்கர் ஆர்ம் அந்த உதையை ஒரு முனையில் வாங்கி, ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ பெருக்கி, மறுமுனையால் வால்வை அமுக்கும். எந்த ராக்கர் போடுவது என்பதிலேயே ஆரம்பித்துவிட்டது.

"உன் தம்பிகிட்ட சொல்லு, ஒண்ணு புள்ளி ஆறு ராக்கர் போட்டாத்தான் வால்வு நல்லாத் திறக்கும்."

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லுக்கா, ஒண்ணரையே போதும். அதுக்கு மேல போனா வால்வு போயி பிஸ்டனுக்கு முத்தம் குடுக்கும்னு."

அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, போதும்! ராக்கர் அவர் பொறுப்பு. புஷ்ராடு அளக்கறது உன் பொறுப்பு. ரெண்டு பேரும் வாயை மூடுங்க."

அளப்பதற்கென்று நீட்டிச் சுருக்குகிற கம்பி ஒன்று உண்டு. வால்வின் நுனியில் மை தடவி இன்ஜினைக் கையால் சுற்றினால், ராக்கர் உரசும் இடத்தில் மை அழிந்து ஒரு கோடு தெரியும். அது நடுவில் மெல்லிசாக விழுகிற நீளத்துக்கு எட்டுக் கம்பி செய்யக் கொடுக்க வேண்டும். ஆனால் அளக்கும் முன் வால்வின் முரட்டு ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு மெல்லிய ஸ்பிரிங் போட வேண்டும். இல்லாவிட்டால் கம்பிக்கு அடியில் இருக்கும் எண்ணெய் டாப்பெட் அழுத்தம் தாங்காமல் அமுங்கி, அளவு தப்பாக வரும். மெல்லிய ஸ்பிரிங் இருந்தது அவருடைய அலமாரியில். அவரிடம் போய்ப் பல்லை இளிப்பதா? என் செருப்பு கேட்கும். முரட்டு ஸ்பிரிங்கோடே அளந்தேன், கோடு நடுவில்தான் விழுந்தது. செய்து வந்த கம்பிகளைச் செவ்வாய்க்கிழமை அவர் பூட்டினார்.

வியாழன் மதியம் அவர் சாப்பிடப் போன நேரம் பார்த்து, அவருடைய ராக்கரில் குற்றம் கண்டுபிடித்தே தீருவது என்று கோட்டைத் தாண்டினேன். அவர் அலமாரியிலிருந்த மெல்லிய ஸ்பிரிங்கையே ஒரு வால்வில் மாட்டி, மை தடவிச் சுற்றினேன். கோடு வால்வின் ஓரத்தில் விழுந்திருந்தது. மாட்டினான்டா! யாரிடமும் மூச்சு விடக் கூடாது, சனிக்கிழமை டீச்சர் ஓட்டிப் பார்க்கும்போது அதுவாக உடைந்து இவர் முகத்தில் கரி பூசட்டும் என்று முடிவே செய்துவிட்டேன்.

எதற்கும் இருக்கட்டும் என்று என்னுடைய ஒன்றரை ராக்கரைப் போட்டுப் பார்த்தேன். அதிலும் ஓரம்தான். அப்படியானால் கோளாறு ராக்கரில் இல்லை, கம்பியில். மறுபடி அளந்தேன். நான் கொடுத்த நீளம் ஒன்றேகால் மில்லிமீட்டர் அதிகம். அப்படியே ஓட்டினால் வால்வு முழுதாக மூடாது, வேகம் எடுத்ததும் பிஸ்டனில் இடித்து இன்ஜின் சிதறும்.

பேசாமல் இருந்தால் பழியை அவர் ராக்கர் மேல் போட்டுவிடலாம். ஐந்து நிமிடம் அதைத்தான் யோசித்தேன், ஒளிப்பானேன்? ஆனால் டீச்சர் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "தம்பி, நம்பி உக்காரலாமா?" என்று கேட்பார். அவருக்கு என்ன பதில் சொல்வேன்? அக்காவைக் கூப்பிட்டேன். அவள் வீட்டுக்காரரும் சாப்பிட்டுவிட்டுப் பல்லைக் குத்திக்கொண்டே வந்தார். மூன்று வருடத்துக்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்துப் பேசினேன்.

"நான் அளந்தது தப்பு. ஒண்ணேகால் மில்லி கூட."

"தெரியும்," என்றார் அவர். "செவ்வாய்க்கிழமை பூட்டறப்பவே தெரியும்."

இழுப்பறையைத் திறந்து எண்ணெய்க் காகிதப் பொட்டலம் ஒன்றை மேசையில் போட்டார். உள்ளே சரியான நீளத்தில் புதிதாக எட்டுக் கம்பி.

"சனிக்கிழமை உன் லட்சணம் எல்லாருக்கும் தெரியட்டும்னு இருந்தேன். உடைஞ்ச பிறகு இதை எடுத்து எல்லார் முன்னாடியும் போட்டிருப்பேன். பெரிய யோக்கியனாட்டம் முந்திக்கிட்ட."

"உள்ள டீச்சர் இருப்பாங்களே," என்றாள் அக்கா.

"பந்தய வண்டின்னா நாலும் நடக்கும்."

அக்கா அந்தப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினாள். "நீங்க கிளம்புங்க."

"என்னடி இது? தப்பா அளந்தவன் அவன்!"

"அவன் தப்பா அளந்தான். நீங்க சரியா அளந்துட்டு சும்மா இருந்தீங்க. கிளம்புங்க. வீட்டுக்கு வரலாமா வேணாமான்னு அப்புறம் சொல்றேன்."

அவர் என் பரம்பரையையே திட்டிக்கொண்டு போனார். மூன்று வருடமாக நான் வேண்டிக்கொண்டது இதுதான். அக்கா அவருடைய ஸ்டூலில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் அவருடைய கம்பிகளைப் பூட்டி ஒவ்வொன்றாக மை தடவிப் பார்த்தேன். எட்டிலும் கோடு நட்டநடுவில் விழுந்தது.

"டேய்," என்றாள் அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அவரோட தப்பு உன் கண்ணுல பட்டிருந்தா, நீ சொல்லியிருப்பதானே?"

நான் ஸ்பேனரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சொல்லியிருப்பேன்க்கா," என்றேன்.