எந்தப் பக்கம் தலை

"நிறுத்துங்க!"

பேராலயத்தின் நடுப்பாதையில் உருண்டு வந்த சவப்பெட்டி வண்டி நின்றது. தள்ளிவந்த நான்கு இளம் குருமாரும் நின்றார்கள். ஆர்கன் வாசித்தவர் ஒரு கட்டையை மாற்றி அமுக்கிவிட்டுக் கையை எடுத்தார். கத்தியவள் இறந்துபோன பேராயரம்மாவின் தங்கை, ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியை. விசில் இல்லாமலே மைதானத்தை அடக்கிய தொண்டை அது.

முன்வரிசையிலிருந்து எழுந்து போய்ப் பெட்டிக்குக் குறுக்கே நின்றாள். மூடி திறந்திருந்தது. அக்காவின் கால் பீடத்தை நோக்கி இருந்தது, தலை வாசல் பக்கம்.

"தப்பாக் கொண்டுவந்திருக்கீங்க. தலைதான் முன்னால வரணும்."

முன்னால் நடந்துவந்த தலைமைக் குரு திரும்பிப் பார்த்தார். அங்கி கஞ்சி போட்டு மொடமொடவென்று இருந்தது. முகத்துக்கும் துக்கத்தை அதேபோல் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"ஏம்மா, இந்த நேரத்துல இதெல்லாம்... எந்தப் பக்கம் இருந்தா என்னம்மா? ஆண்டவர் இதையா பாக்கறார்?"

போன வாரம் ஆஸ்பத்திரியில் தங்கையும் ஏறக்குறைய இதையேதான் கேட்டிருந்தாள். ஆங்கிலிக்கன் திருச்சபையில் ஒரு வழக்கம் உண்டு. சாதாரண சபையார் இறந்தால் கால் பீடத்தைப் பார்க்க வைப்பார்கள், எழுந்து உட்கார்ந்தால் பீடம் தெரிகிற மாதிரி. பீடத்தில் நின்று ஊழியம் செய்தவர்களை மட்டும் தலை பீடத்துப் பக்கமாக, முகம் சபையைப் பார்க்க வைப்பார்கள். அக்கா இதைச் சொல்லிவிட்டு, "என்னை எப்படி வெக்கறாங்கன்னு பாத்து வந்து சொல்லு" என்று சிரித்தாள். "செத்தப்புறம் எந்தப் பக்கம் பாத்தா என்னக்கா?" என்று தங்கை எரிந்து விழுந்தாள். அக்கா போர்வையில் ஒரு நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். தனக்கென்று எதையுமே கேட்காதவள் கேட்டது அது ஒன்றுதான் என்பது, தங்கைக்கு பஸ்ஸில் வீடு திரும்பும்போதுதான் உறைத்தது.

இந்தக் கூட்டத்தை அவளுக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. அக்கா முதல் பெண் பேராயராகப் பொறுப்பேற்ற அன்று மறைமாவட்டத்தில் பாதிக் குருமாருக்கு ஒரே நேரத்தில் காய்ச்சல் வந்தது. தலைமைக் குருவுக்கு வயிறு. அக்கா நற்கருணை கொடுக்கும் ஞாயிறெல்லாம் சொல்லிவைத்தாற்போல் அவர் வயிறு கெட்டுப்போகும். அவள் கையிலிருந்து ஒரு துண்டு அப்பம் அவர் வாங்கியதில்லை. மறுநாள் அக்கா போன் போட்டு, "வயிறு இப்ப எப்படி இருக்குங்க ஐயா?" என்று விசாரிப்பாள். நிஜமான அக்கறையோடு விசாரிப்பாள், அதுதான் கொடுமை. தூக்குப் போட்டுக்கொண்டவனை அடக்கம் செய்ய ஒரு குருவும் எட்டிப் பார்க்காத வீட்டுக்கு, அங்கியை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு கொட்டும் மழையில் போனவள் அவள். அப்படிப்பட்டவள் இந்த ஆட்களிடம் மட்டும் ஏன் இப்படிப் பணிந்து போனாள் என்று தங்கைக்கு அவள்மேலேயே பற்றிக்கொண்டு வரும்.

"எந்தப் பக்கமும் ஒண்ணுதான்னா, சரியான பக்கமே வைங்க" என்றாள்.

"இங்க திருப்ப இடமில்லம்மா. ரெண்டு பக்கமும் மலர் வளையம் வெச்சிருக்கு."

"வெளியே போய்த் திருப்பிக்கிட்டு வாங்க."

"ஜனங்க பாக்கறாங்க."

"பாக்கத்தானே வந்திருக்காங்க."

தலைமைக் குரு அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். பொறுமை போன வேகத்தில் வாயும் நழுவியது. "புரிஞ்சுக்கம்மா. அந்த வழக்கம் குருமாருக்குத்தான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது. முன்வரிசைக் குருமாரில் ஒருவர் இருமினார்.

"அப்ப இதுக்குள்ள படுத்திருக்கிறது யாரு?"

அவர் அங்கியின் மடிப்பை நீவிவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொள்வாரோ என்று தங்கை கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவரை விட்டுவிட்டு, தள்ளிவந்த நான்கு பேர் பக்கம் திரும்பினாள். நான்கு பேரும் தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள்.

"உங்க தலையில கை வெச்சு உங்களைக் குருவாக்கினது யாரு?"

"அவங்கதான்" என்றான் ஒருவன். அவனுக்கே கேட்டிருக்காது.

"அவ குரு இல்லைன்னா நீங்களும் இல்ல. அங்கியைக் கழட்டி வெச்சிட்டுத் தள்ளுங்க."

ஒருவரும் கழற்றவில்லை. வண்டியின் சக்கரம் கிறீச்சிட்டுப் பின்னால் நகர்ந்தது. பெட்டி வாசலைத் தாண்டி வெயிலுக்குப் போய், திரும்பி, தலை முன்னாலாக உள்ளே வந்தது. உட்கார்ந்துவிட்ட கூட்டம் மறுபடி எழுந்து நின்றது. தலைமைக் குரு தொடக்க வசனத்தை முதலிலிருந்து வாசித்துக்கொண்டே நடக்க வேண்டியிருந்தது. இந்த முறை சத்தம் கொஞ்சம் குறைவு.

பீடத்தின் முன் பெட்டியை இறக்கினார்கள். தலையணை தட்டையாக இருந்ததால் முகம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. தங்கை முன்வரிசைக்குப் போய், முழங்கால் போட வைத்திருந்த மெத்தை ஒன்றை எடுத்து வந்தாள். அக்காவின் கழுத்துக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கி, மெத்தையை வைத்தாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள். பெஞ்சிலிருந்து முகம் தெரிகிறதா என்று பின்னால் தள்ளி நின்று பார்த்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

பாட்டு ஆரம்பித்தது. எல்லோருக்கும் மனப்பாடமான பாட்டுதான், எண்கூடச் சுவர்ப் பலகையில் பெரிதாகத் தொங்கியது. முன்வரிசைக் குருமார் பெட்டி பக்கம் தலையை நிமிர்த்தாமல், கடைசி அடி முடியும்வரை பாட்டுப் புத்தகத்தைப் புரட்டித் தேடிக்கொண்டே இருந்தார்கள்.