யாருக்குப் புதுப் பெயர்

சுருக்குவதற்கு முன் சரியாக இருந்த புரோகிராம், ஒரு படி சுருக்கியதும் தவறாகிவிட்டது. 'உண்மை-பொய்யை ஃபங்க்ஷனாக அழைக்க முடியாது' என்று திரை அடம்பிடித்தது. மொத்தமே ஐந்து வரி. எங்கே இடிக்கிறது என்று விஷ்ணுப்ரியாவுக்குப் பிடிபடவில்லை.

அவளுடைய ஆய்வேடு ஒரே தேற்றத்தின் மேல் நிற்கிறது: புரோகிராமை எத்தனை படி சுருக்கினாலும் அதன் வகை மாறாது. இரண்டும் மூன்றும் சேர்ந்து ஐந்தாகலாம். ஆனால் எண், எண்ணாகவே இருக்க வேண்டும். மதியம் வைவா, ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் காலையில்தான் இந்த ஐந்து வரியை அனுப்பி, 'இதைப் பற்றிப் பேசலாம்' என்று எழுதியிருந்தார்.

கோளாறு கிடைத்ததா என்று கைடு ஜெயன் ஸார் தன் மலையாளத் தமிழில் போனில் கேட்டார். "எந்தாயி, கிட்டியோ?"

"இல்ல ஸார்."

"கிட்டலைன்னா தேற்றத்தை நம்மளே பின்வலிக்கணும், மோளே. அவர் சொல்லி வாங்கறதுக்கு முன்னாடி."

தேற்றத்தை வாபஸ் வாங்கினால் ஆய்வேடே போச்சு. மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். உள்ளே ஒரு சின்ன ஃபங்க்ஷன். அதன் உள்ளீடு உண்மை-பொய் வகை, பெயர் 'ப'. வெளியிலிருந்து ஒரு கோவை, அதாவது ஒரு எக்ஸ்பிரஷன், அதற்குள் வந்து உட்கார வேண்டும். அதிலும் ஒரு 'ப' உண்டு, ஆனால் அது வேறு ஆள். குழம்பாமலிருக்க, சுருக்கும் விதி உள்ளே இருப்பதன் பெயரை முதலில் மாற்றிவிடும். மாற்றியதா? மாற்றியது. புதுப் பெயர் அந்த ஃபங்க்ஷனுக்குள் வேறு எதற்காவது இருக்கிறதா? இல்லை. பின் ஏன்?

"அம்பி, காப்பி ஆறறது!" சமையலறையிலிருந்து அம்மா சுப்புலக்ஷ்மி குரல் கொடுத்தாள்.

மாடியிலிருந்து தம்பி இறங்கினான். நேற்று திருநெல்வேலியிலிருந்து வந்த மாமாவும் கூடத்திலிருந்து எழுந்தார். டம்ளர் ஒன்றுதான்.

"மாமா, அது எனக்கு."

"போடா. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே உங்கம்மாவுக்கு நான்தான் அம்பி."

தம்பியின் நிஜப் பெயர் ஸ்ரீகண்டன். அது அம்மாவின் மாமனார் பெயர். அவள் வாயால் சொல்ல மாட்டாள். அதனால்தான் வீட்டில் அவன் அம்பி ஆனான்.

"பேரை மாத்தறச்சே இந்த ஆத்துல வேற அம்பி கிடையாதே," என்றாள் அம்மா.

"நான் வருவேன்னு நினைக்கவே இல்லை, பார்த்தியா!" என்று மாமா டம்ளரை எடுத்துக்கொண்டார்.

விஷ்ணுப்ரியா சட்டென்று திரைப்பக்கம் திரும்பினாள். சுருக்கிய புரோகிராமை முழுதாக வரவழைத்தாள். உள்ளே இருந்த 'ப', 'ப1' ஆகியிருந்தது. வந்து உட்கார்ந்த கோவையோ 'ப1(ப)'. வெளியே ஃபங்க்ஷனாக இருந்த அதன் ப1, உள்ளே வந்ததும் அங்கிருந்த ப1-ஓடு ஒன்றாகி உண்மை-பொய்யாகிவிட்டது. நிரூபணத்தில் அவள் 'ஒரு புதிய பெயர்' என்று எழுதியிருந்தாள். யாருக்குப் புதியது என்று எழுதவில்லை.

ஒரு நிபந்தனை சேர்த்து ஓட்டினாள். முன்னும் பின்னும் ஒரே வகை. நிரூபணத்தின் மிச்சப் படிகள் அப்படியே நின்றன. ஜெயன் ஸாருக்கு எழுதினாள்:

"பின்வலிக்க வேண்டாம் ஸார். மாற்றுப் பெயர் உள் ஃபங்க்ஷனில் இல்லாமலிருந்தால் போதாது. உள்ளே வரும் கோவையிலும் அது இருக்கக் கூடாது. இரண்டையும் சரிபார்த்தால் வகை மாறுவதில்லை."