கூட்டிப் பெருக்கிய காடு

விஸ்கான்சின் மாநிலத்தின் வடபகுதியில் சிறியதொரு மேப்பிள் காட்டுக்கு உரிமையாளரான ஆர்வல் கமின்ஸ்கி, அன்று விடிந்ததிலிருந்து நிலைகொள்ளாமல் வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தார். குடும்பக் காடுகளை நல்லமுறையில் பேணுவோருக்குத் தன்னார்வலர் சங்கமொன்று வழங்கும் சான்றிதழைப் புதுப்பிக்க ஆய்வாளர் வரும் நாள் அது. சான்றிதழ் பறிபோனால், தந்தையார் காலத்திலிருந்து வாயிலில் நிற்கும் சங்கத்தின் பச்சைப் பலகையை ஊரறியக் கழற்ற நேரிடும்.

அதனினும் பெரிய கவலை, வரவிருப்பவர் கிரெட்சன் ஹாகன் என்பதே. சென்ற மாதம், வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்தில், அந்த அம்மையாரின் நாய் மான்களைத் துரத்துகிறது என்று ஆர்வல் பலர் முன்னிலையில் பேசிவிட்டிருந்தார்.

எனவே, குறை காண இடமே வைக்கலாகாது என்றெண்ணி, ஒரு வாரமாகக் காட்டைத் துப்புரவாக்கினார். விழுந்த கிளைகளை எல்லாம் வாரிக் குவித்தார். பட்டுப்போய் நின்ற பெரிய ஹெம்லாக் மரத்தையும் அறுத்துச் சாய்த்தார்.

"தரையைத் துடைக்கறது ஒண்ணுதான் பாக்கி ஆர்வல். வாளி எடுத்துத் தரட்டுமா?" என்றார் மனைவி ஜாய்ஸ்.

"சும்மா இரு. அவ ஒரு சுள்ளியைப் பார்த்தாக்கூட எழுதிருவா."

வண்டி வந்தது. கிரெட்சனோடு பக்கத்து மாவட்டத்து ஆய்வாளர் எம்மெட்டும் இறங்குவதை ஆர்வல் கண்டார். தாம் வருவது போதாதென்று சாட்சியையும் அழைத்து வந்துவிட்டார் போலும்!

மூவரும் ஓடைக்கரை வழியே நடந்தனர். புதிதாய் அறுத்த அடிமரத்தின் அருகே கிரெட்சன் நின்றுவிட்டார்.

"இங்க மரங்கொத்தி குடியிருந்த பட்ட மரம் ஒண்ணு நின்னுதே, எங்க?"

"வெட்டிட்டேன். பார்க்க அசிங்கமா இருந்துச்சு."

"யாருக்கு? மரங்கொத்திக்கா?"

எம்மெட் வாய்விட்டுச் சிரித்தார். "காட்டைக் காட்டச் சொன்னா, மனுஷன் வரவேற்பறையைக் காட்டுறாரு!"

பட்ட மரமும் மட்கும் கிளையும் காட்டுயிர்களின் வீடு என்பது ஆர்வல் அறியாததன்று. அச்சம் அந்த அறிவை மறைத்துவிட்டது, அவ்வளவே.

"அப்போ... சான்றிதழ் போச்சா?" என்றார் ஆர்வல்.

"என்னைக் கேக்காதீங்க. முடிவு எழுதறது எம்மெட்தான்," என்றார் கிரெட்சன். "நமக்குள்ள மனஸ்தாபம்னு நானே கமிட்டியில சொல்லிட்டேன். சொந்தக்காரங்க காட்டுக்கும் சண்டைக்காரங்க காட்டுக்கும் நாங்க தனியா போறதில்ல. நாளைக்கு நான் பழி வாங்கினேன்னு நீங்க சொல்லக் கூடாது பாருங்க."

ஆர்வல் எம்மெட்டின் பக்கம் திரும்பினார்.

"ஓடைக்கரையில கைவைக்கல. இளங்கன்னு நல்லா கிளம்பியிருக்கு. வண்டித் தடத்துல மண் அரிக்கல," என்றார் எம்மெட். "சான்றிதழ் இருக்கட்டும். ஆனா அறுத்த மரம் கிடந்த இடத்துலயே கிடக்கணும். குவியலைக் கொளுத்தாதீங்க, பரப்பி விடுங்க. இனிமே தயவுசெஞ்சு காட்டைப் பெருக்காதீங்க!"

ஆர்வல் பெருமூச்செறிந்து, அறுத்த மரத்தின் மேலேயே அமர்ந்துவிட்டார். சுமந்து வந்த பாரம் முழுவதும் அந்த மூச்சோடு போயிற்று.

வீட்டுக்குத் திரும்பி எம்மெட் கையொப்பமிட்ட பிறகே, ஜாய்ஸ் நீட்டிய, புளிப்பான ரூபார்ப் தண்டு சேர்த்த கேக்கை நோக்கிக் கிரெட்சன் கைநீட்டினார்.

"எழுதி முடிக்கிற வரைக்கும் பச்சைத் தண்ணியைத் தவிர எதையும் தொடக் கூடாதுங்கறது எங்க வழக்கம். இப்போ தாராளமா சாப்பிடலாம்."

"பெரிய துண்டா எடுத்துக்கங்க கிரெட்சன்," என்றார் ஆர்வல். பிறகு, பல நாள்களுக்குப் பின் நன்றாகப் பசிப்பதை உணர்ந்து, தமக்கும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டார்.