அறுந்து போகும் வெளிச்சம்

மூன்றாவது முறையும் வெளிச்சம் அறுந்தபோது நீலா திரையைப் பார்க்கவில்லை. லுக்மானின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துபாய்க்குப் பக்கத்தில், அஜ்மான் துறைமுகத்துக்கு வெளியே, கரைக் கட்டடங்கள் தீப்பெட்டி அளவுக்குத் தெரிகிற தூரத்தில் படகு நின்றிருந்தது. கீழே தண்ணீரில் இரண்டு ரோபோக்கள். ஒன்று படகோடு கேபிளில் கட்டுண்டு மேல்மட்டத்தில் மிதந்தது. மற்றது எந்தக் கயிறும் இல்லாமல் அடியில் எண்ணெய்க் குழாயை ஒட்டி நகர்ந்தது. அடியில் இருப்பது எடுக்கும் படம் நீல வெளிச்சமாக மேலே பாய வேண்டும். மேலே இருப்பது அதை வாங்கிப் படகுக்கு அனுப்ப வேண்டும். கடலுக்குள் ரேடியோ அலை நாலு முழம்கூடப் போகாது. வெளிச்சம் போகும். ஆனால் இரண்டும் ஒன்றின் முகத்தை ஒன்று நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே இருந்தால்தான். நீரோட்டம் இரண்டையும் ஆளுக்கொரு பக்கம் தள்ளும். தள்ளத் தள்ளத் திரும்பி, மறுபடி முகம் பார்க்க வைப்பதுதான் நீலா எழுதிய புரோகிராமின் வேலை.

தாங்கள் மட்டும் இருக்கிற நாட்களில் அது பிசகாமல் நடந்தது. ஒப்பந்தம் கொடுப்பதற்கு முன் சோதித்துப் பார்க்க எண்ணெய்க் கம்பெனி அதிகாரிகள் விருந்தினர் படகில் வந்து பக்கத்தில் நின்றால் மட்டும் அறுந்தது.

"நீலா, நான் சும்மா சொல்லலை," என்றார் வெங்கட்ராமன், அன்று சாயங்காலம் அலுவலகக் கதவைச் சாத்திவிட்டு. புராஜெக்ட் மேனேஜர். சென்னைக்காரர். குரலை உயர்த்தியே அவள் கேட்டதில்லை. "மத்த நாள்ல ஓடறது, கெஸ்ட் வந்தா நிக்கறது. மெஷினுக்கு கெஸ்ட் வர்றது எப்படித் தெரியும்? மனுஷனுக்குத்தான் தெரியும்."

"யாரைச் சொல்றீங்க சார்?"

"கண்ணாடியைத் தொடறது யாரு? லுக்மான் ஒருத்தன்தானே. முதல் தடவை நின்னப்போ கண்ணாடியில கிரீஸ் இருந்ததே, மறந்துட்டீங்களா? அதுவும் போகட்டும். நம்மளோட போட்டி போடற கம்பெனி ஆளோட அல் குசைஸ்ல உக்காந்து டீ குடிச்சிண்டிருந்தான். நானே பார்த்தேன். கொஞ்சம் கண்ணு வச்சுக்கோங்க."

கீழக்கரைக்காரன் லுக்மான்தான் ரோபோக்களைக் கடலில் இறக்குவதும் ஏற்றுவதும், வெளிச்சம் வெளியேறும் கண்ணாடிகளைத் துடைத்து மூடி போடுவதும். இரண்டு வருடமாக நீலாவோடு ஒரே படகில் வேலை செய்கிறான். அவனைப் பற்றி அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. வெங்கட்ராமன் சொன்ன பிறகு எல்லாமே குறையாகத் தெரிந்தது.

கம்பெனி கொடுத்த துணியை விட்டுவிட்டு, தன் சட்டைப்பையிலிருந்து ஏதோ ஒரு துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தான். ஏன்? போன் வந்தால் படகின் பின்பக்கம் போய் முதுகைக் காட்டி நின்று மெதுவாகப் பேசினான். அவள் அந்தப் பக்கம் போனால் சட்டென்று பேச்சை நிறுத்தினான். வெள்ளிக்கிழமை காய்கறி வாங்கப் போனபோது, துபாயின் அல் குசைஸ் பகுதியில் கஃபெடீரியா ஒன்றில் போட்டிக் கம்பெனியின் சட்டை போட்ட ஒருவரோடு அவன் உட்கார்ந்திருப்பதை அவளே பார்த்தாள். அந்த ஆள் லுக்மானின் தோளைத் தட்டிச் சிரித்தார். நீலா பையை இறுக்கிக்கொண்டு அடுத்த சந்தில் திரும்பினாள்.

"நேரா கேட்டுடேன்," என்றான் அவள் கணவன் ஸ்ரீகாந்த்.

"கேட்டா உஷாராயிடுவான்."

"இல்லைன்னா?"

அவள் எழுந்தாள். அலமாரியிலிருந்து ரோஸ் நிற நகப்பூச்சை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை, லுக்மான் வருவதற்கு முன்பே பட்டறைக்குப் போய், இரண்டு ரோபோக்களின் கண்ணாடி வளையத்தையும் பிடித்திருக்கும் திருகாணிகளின் தலையில் ஒவ்வொரு சொட்டு வைத்தாள். யாராவது திருகினால் பூச்சு விரிசல் விடும். கண்ணாடியைத் தானே துடைத்தாள். மூடியைத் தானே போட்டாள். "இன்னைக்கு நான் பார்த்துக்கறேன், லுக்மான்," என்று சொன்னபோது அவன் ஒரு நிமிடம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி மேடம்," என்றான்.

விருந்தினர் படகு வந்தது. வெளிச்சம் அறுந்தது.

ரோபோக்களை மேலே ஏற்றியதும் நீலா முதல் ஆளாகப் போய்க் குனிந்தாள். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. நகப்பூச்சில் ஒரு கீறல்கூட இல்லை. நிம்மதியாகத்தானே இருக்க வேண்டும்? இருக்கவில்லை. அப்படியென்றால் வேறு ஏதோ வழி வைத்திருக்கிறான் என்றுதான் மனம் ஓடியது. கேபிளா? பேட்டரியா?

"மேடம், இந்த ரோஸ் கலர் நீங்க வச்சதா?"

லுக்மான் பின்னால் நின்றிருந்தான். கையில் தண்ணீர்க் குழாய். உப்பைக் கழுவ வந்திருக்கிறான்.

நீலா நிமிர்ந்தாள்.

"என்னையத்தான் சந்தேகப்படுறீங்கன்னு பத்து நாளா தெரியும். நீங்களா கேப்பீங்கன்னு பாத்தேன்." அவன் குழாயைக் கீழே வைத்தான். "கேளுங்க இப்ப."

"குசைஸ்ல யாரோட இருந்தீங்க?"

"என் மச்சான். எங்க லாத்தாவக் கட்டுனவரு. அந்தக் கம்பெனியிலதான் இருக்காரு. அங்க வந்துடு, சம்பளம் கூடன்னு ஒரு வருஷமா கூப்புடுறாரு. மாட்டேன்னு சொல்லிட்டிருக்கேன். இந்த ரெண்டையும் தண்ணிக்குள்ள இறக்கிப் பழகுன கை, விட மனசில்ல."

"போன்ல..."

"வீட்டுல மாசமா இருக்காங்க. ரத்தப்போக்கு இருக்குன்னு டாக்டர் படுக்கையிலயே இருக்கச் சொல்லிட்டாரு. ஆள் முன்னால அதப் பேச முடியல மேடம்." சட்டைப்பையிலிருந்து அந்தத் துணியை எடுத்து நீட்டினான். மூக்குக்கண்ணாடிக் கடைகளில் கொடுக்கிற மெல்லிய துணி. "கம்பெனித் துணி கீறல் போடுது. ஸ்டோர்ல கேட்டேன், மாஃபி, வேற இல்லைன்னுட்டாங்க. இது நான் வாங்குனது. அந்தக் கிரீஸ் யார் கை பட்டதோ தெரியாது. படகுல கிரீஸ் இல்லாத இடம் எது?"

நீலா துணியை வாங்கவில்லை. நம்பினாளா என்றால், பாதி நம்பினாள். இவ்வளவு தெளிவாகச் சொல்கிறானே, முன்பே யோசித்து வைத்திருப்பானோ என்று மீதிப் பாதி கேட்டது. அது அவள் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"கலாஸ், முடிஞ்சுது," என்றான் லுக்மான். "அடுத்த தடவை நான் படகுல ஏறல. சார்கிட்ட நானே லீவு சொல்லிக்கிறேன். அப்பயும் அறுந்துச்சுன்னா என்ன செய்வீங்கன்னு பாருங்க."

அடுத்த முறை அவன் ஏறவில்லை. கம்பெனியின் இன்னொரு டெக்னீஷியன் வந்தான். விருந்தினர் படகு வருவதற்கு முன் அடியிலிருந்து குழாயின் படம் துல்லியமாக வந்தது. துருவும், ஒட்டியிருந்த சிப்பிகளும், குறுக்கே போன ஒரு மீனும். வெங்கட்ராமனும் அதிகாரிகளும் ஏறி வந்த படகு நெருங்கியது. படம் நடுங்கியது. திரை கறுத்தது.

கண்காணிக்க இன்று லுக்மானின் கைகள் இல்லை. வேறு வழியில்லாமல் நீலா திரையிலிருந்த எண்களைப் பார்த்தாள். வெளிச்சம் முதலில் போகவில்லை. அதற்குச் சில நொடிகள் முன்பே, மேலே இருக்கும் ரோபோ தன் ஜோடி எங்கே என்பதைத் தொலைத்திருந்தது. இருட்டுக் கடலில் முகம் திருப்ப, முதலில் எந்தத் திசையில் என்று தெரிய வேண்டுமே. அதற்காக இரண்டும் ஒன்றுக்கொன்று "டிக், டிக்" என்று ஒலி எழுப்பிக்கொள்ளும். அந்த ஒலியைப் பிடித்துத்தான் திரும்பும்.

ஹெட்போனை எடுத்து மாட்டினாள். கடலுக்குள் தொங்கும் மைக்கின் சத்தம் காதில் வந்தது. ரோபோக்களின் ஒலி இரண்டும் கேட்டன. அவற்றின் மேல் ஏறி மிதித்துக்கொண்டு மூன்றாவதாக ஒன்று, விடாமல், அடர்த்தியாக. விருந்தினர் படகு அலையில் ஒதுங்கியபோது அது தேய்ந்தது. நெருங்கியபோது ஓங்கியது. இத்தனை நாளும் விருந்தினர் வந்த நேரங்களில் அவள் இந்த ஹெட்போனைத் தொட்டதே இல்லை. லுக்மானைப் பார்ப்பதே வேலையாக இருந்தது.

எழுந்து போய் விளிம்பில் நின்று கத்தினாள். "மீராசா அண்ணே! உங்க படகுல எக்கோ ஓடுதா?"

வாடகைப் படகை ஓட்டும் மீராசா எட்டிப் பார்த்தார். "ஓடுதும்மா. ஆழம் பாக்கணும்ல, மீனும் காட்டும். சாவி போட்டாலே அதுவும் சேர்ந்து ஓட ஆரம்பிச்சுரும். ஏன்?"

"கொஞ்சம் அணைங்க!"

ஒலி அனுப்பி ஆழம் அளக்கும் எக்கோவைத் தங்கள் படகில் அணைத்த பிறகுதான் ரோபோக்களை இறக்குவார்கள். அது எல்லோருக்கும் தெரிந்த விதி. பக்கத்தில் வந்து நிற்கும் படகுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

மூன்றாவது ஒலி நின்றது. மேலே இருந்த ரோபோ சற்றுத் தடுமாறியது, திரும்பியது, இன்னும் கொஞ்சம் திரும்பியது. திரையில் துருப்பிடித்த குழாய் மீண்டும் நகர ஆரம்பித்தது. எதிர்ப் படகில் அதிகாரிகள் கை தட்டினார்கள். எல்லாம் தன் திட்டப்படியே நடந்ததுபோல வெங்கட்ராமன் அவர்களுக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார்.

கரை ஏறியதும் நீலா லுக்மானுக்குப் போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னாள்.

"எக்கோவா?" என்று சிரித்தான். "அல்ஹம்துலில்லாஹ். கண்டுபிடிச்சிட்டீங்களே."

"நாளைக்கு வந்துடுங்க லுக்மான். தப்பு என்னுதுதான். ரொம்ப சாரி."

"மேடம், காலையிலதான் மச்சான்கிட்ட சரின்னு சொன்னேன். விசா பேப்பர் குடுத்தாச்சு." குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளை வாட்டியது. "இத்தனை நாளா அவரு கேட்டப்ப எல்லாம் மாட்டேன்னவன். நீங்க அந்தக் கலரை வச்ச அன்னைக்குத்தான் மனசு மாறுச்சு. வேற ஒண்ணும் இல்ல, நல்லா இருங்க."

அவன் மனைவிக்கு எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியபோது போன் வைக்கப்பட்டிருந்தது.

ஒப்பந்தம் கிடைத்தது. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். அடுத்த வாரம் வெங்கட்ராமன் நீலாவை அறைக்கு அழைத்து, முன்போலவே கதவைச் சாத்தினார்.

"லுக்மான் அந்தக் கம்பெனியில சேர்ந்துட்டானாமே. நான் அப்பவே சொன்னேன் பார்த்தேளா?"

"நாம துரத்தினதாலதான் சார் சேர்ந்தான்."

அவர் மேசை மேலிருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். "அவனோட போன்ல பேசினீங்கன்னு கேள்விப்பட்டேன். எக்கோ விஷயம் உங்களுக்குச் சட்டுனு எப்படித் தோணித்து, அவன் சொன்னானான்னும் யோசிச்சேன். தப்பா எடுத்துக்காதீங்க. நான் சும்மா..."

அந்தக் குரலை நீலா அடையாளம் கண்டுகொண்டாள். பத்து நாளாக அவள் தலைக்குள்ளேயே ஓடிய குரல்தான் அது. அவள் லுக்மானைப் பார்த்ததுபோல, எதிரே உட்கார்ந்திருப்பவரும் இனி அவள் கைகளைப் பார்த்துக்கொண்டே இருப்பார் என்பது தெரிந்தது.

"பேசினேன் சார். மன்னிப்புக் கேட்க. இன்னிக்கும் பேசப் போறேன், அவன் வீட்டுல உடம்பு சரியில்லை. என்ன பேசினேன்னு தெரிஞ்சுக்கணும்னா இப்பவே கேளுங்க, சொல்றேன். எனக்குப் பின்னால யாரையும் விசாரிக்க வேணாம்."

வெங்கட்ராமன் எதுவும் கேட்கவில்லை. பேனாவை மறுபடி பழைய இடத்துக்கே நகர்த்தினார். நீலா எழுந்து, கதவை அகலமாகத் திறந்து வைத்துவிட்டு வெளியே வந்து, லுக்மானின் எண்ணை அழுத்தினாள்.