பொன்னப்பன் கடையின் முன்வாசல்

1

நெய்யாற்றின் விலை கிலோவுக்குப் பதினைந்து ரூபாய்.

இதை எனக்குச் சொன்னவர் விலாசினி. பாறசாலை ரயில் நிலையத்தில் என் பக்கத்து இருக்கை. ரயில் தாமதம், அவருக்கு ஆத்திரம், எனக்குக் கதைப் பஞ்சம். கடைக்காரர்கள் நடுவில் வளர்ந்தவன் நான், ஆனாலும் அவர் சொன்ன கதையைப் பேரம் பேசாமல் வாங்கிவிட்டேன். வீட்டில் வந்து பிரித்துப் பார்த்தால் கடைசிப் பக்கம் இல்லை.

2

முதல் தொடக்கம்: “அந்தக் காலத்தில் நெய்யாற்றின் மேல் வள்ளங்கள் அணிவகுத்து...”

(வேண்டாம். நீங்கள் பாதியில் இறங்கிவிடுவீர்கள்.)

விஷயம் இவ்வளவுதான். விலாசினியின் கணவர் பொன்னப்பனுக்கு அமரவிளைப் பக்கம், ஆற்றுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே, ஏத்தன்பழக் கடை (வெளியூரில் நேந்திரம் என்பார்கள்). அவருடைய அப்பா கடை போட்டபோது குலைகள் வள்ளத்தில் வந்தன, வள்ளத்தில் போயின. வாசல் ஆற்றைப் பார்த்தது. ரயில் வந்ததும் பின்சுவரை இடித்து இன்னொரு வாசல் வைத்தார். ஆற்றுவாசலில் வருகிறவர் வள்ளம் நிறைய எடுப்பவர், அவருக்கு மொத்த விலை. ரயில்வாசலில் வருகிறவர் பை நிறைய எடுப்பவர், அவருக்குச் சில்லறை விலை.

வள்ளம் நின்று எத்தனையோ வருடம். இரட்டை விலை மட்டும் நிற்கவில்லை. இன்றைக்கு ஆற்றுவாசலில் கிலோ நாற்பத்தைந்து, ரயில்வாசலில் அறுபது. விவரம் தெரிந்தவர்கள் ரயிலிறங்கி, கடையைச் சுற்றி, சேற்றை மிதித்து ஆற்றுவாசலில் ஏறி இரண்டு கிலோ வாங்குகிறார்கள்.

[நெய்யாற்றின்கரை வியாபாரத்தை வளர்த்தது ஆறா, ரயிலா என்று கட்டுரை எழுதுகிறவர்கள் இவர்களுடைய செருப்பைப் பார்த்துவிட்டு எழுதலாம்.]

3

இப்போது இரண்டாவது தண்டவாளம் வருகிறது. கடையில் ரயில்பக்கத்துப் பாதி போகும். அளக்க வந்த அதிகாரி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: எது முன்வாசல்?

முன்பக்கம் போனால் கடையே போனதாகக் கணக்கு. முழு நஷ்டஈடு, பாறசாலையில் புதுக்கடை பிடிக்கலாம். பின்பக்கம் போனால் சுவருக்குக் காசு, அவ்வளவே.

பொன்னப்பன் சொன்னார்: “ஆத்து வாசலாக்கும் சாரே.”

வியாபாரி தனக்கு வேண்டியதை முதலில் கேட்கமாட்டான். குலை வேண்டுமென்றால் தேங்காய் விலை விசாரிப்பான். வள்ளம் எங்கே என்று அதிகாரி சிரிப்பார், தான் முனகியபடியே ரயில்வாசலுக்கு இறங்கி வரலாம் என்று பொன்னப்பன் காத்திருந்தார். அதிகாரி மாதச் சம்பளக்காரர். எழுதிக்கொண்டு, கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

(இந்த இடத்தில் எனக்குப் பொன்னப்பன் மேல் சந்தேகம். பேரம்தானா? இல்லை, மனதில் இருந்தது வாய் வழியாக... இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியம் இல்லை. விலாசினிக்கும் தெரியவில்லை. பொன்னப்பனுக்குத் தெரியுமா என்பதும் தெரியவில்லை.)

4

பொன்னப்பன் மனு கொடுத்தார்: ஆற்றுவாசலில் இப்போது ஆள் வருவதில்லை, ரயில்வாசலே முன்வாசல். நேரில் பார்க்க அதிகாரி வருவதாக முடிவானது.

முடிவு அ: அதிகாரி வருகிறார், பார்க்கிறார், திருத்துகிறார். (இதற்கு யார் காசு கொடுப்பார்?)

முடிவு ஆ: அன்று ஆற்றில் வெள்ளம் வந்து... (மட்டமான சரக்கு. திருப்பி அனுப்பிவிட்டேன்.)

நடந்தது வேறு. அதிகாரி கால்சட்டையை மடித்துவிட்டு, சேற்றுக் காலோடு ஆற்றுவாசலில் வந்து நின்றார். கையில் பை. யாரோ விவரம் சொல்லியிருக்கிறார்கள்.

“வேலை பிறகு பார்ப்போம். வீட்டுக்கு ரெண்டு கிலோ எடுங்க. இந்த வழி வந்தா வெலை கொறவாமே?”

விலாசினி கணவரின் காதோரம் போனார். “அறுவதுண்ணு சொல்லுங்க. நாப்பத்தஞ்சுக்குக் குடுத்தா இதுதான் முன்வாசல்ணு ஆயிரும்.”

“இந்த வாசல்ல வந்தவனுக்கு எங்கப்பன் அறுவது சொன்னதுண்டா?” என்றார் பொன்னப்பன். தராசில் பழத்தை வைத்தார். அதிகாரி பணத்தை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

அப்போது ரயில் வந்துவிட்டது. கதைக்குள் அல்ல, பாறசாலையில். விலாசினி ஏறிப் போய்விட்டார்.

5

ஆகவே ரசீதை நான் எழுதுகிறேன். நடுவரியும் கடைசி வரியும் உங்களுடையவை.

ஏத்தன்பழம்: 2 கிலோ
வந்த வழி: ஆறு
விலை: 45 / 60 (ஒன்றை அடிக்கவும்)
வித்தியாசம்: ரூ. 30
பாக்கி யார் பேரில்: